இன்லாண்டர் என்ற சொல்லும் கொக்கட்டிவெட்டைக் கப்பலும்

ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குத் திருப்பிச் சொல்வதற்கும் சம்பளமா என்று என் மைத்துனர் ஒரு கலியாண வீட்டில் நாலு பேருக்குக் கேட்கும்படி கேட்டார். அது நான் வேலையில் இருந்த காலம். இப்போது அவர் அப்படிக் கேட்பதில்லை. கைப்பேசியை என் மூக்குக்கு முன்னால் நீட்டி, "இது சும்மா செய்யுது பாருங்கோ அத்தான்" என்கிறார்.

போன மாதம் இங்கே திருகோணமலையில் தொழில் செய்கிற இளம் உரைபெயர்ப்பாளர்கள் சிலர் வீட்டுக்கு வந்தார்கள். போன் எல்லா மொழியும் பேசுகிறதே, எங்களுக்கு இனி வேலை உண்டா, உங்கள் அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்றார்கள். உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியாது. சாத்திரம் சொல்வது வேறு தொழில். எனக்குத் தெரிந்தது ஒரு டச்சுச் சொல்லின் கதைதான். அதையும் கதிரையில் குந்தியிருந்து எழுத எனக்கு ஏலாது. உட்துறைமுக வீதியில் மேலும் கீழும் நடந்து வசனத்தைச் சேர்த்துக்கொண்டு வந்து எழுதுகிறேன். அங்கங்கே தாவினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக் காலத்தைச் சுருக்கிவிடுகிறேன். நாட்டு நிலைமை கெட்டபோது ஒல்லாந்துக்கு ஓடினேன். அங்கே பூக்கிழங்கு தரம் பிரிக்கும் கொட்டிலில் வேலை. டச்சு மொழியை அந்தக் கிழங்கு மண்ணுக்குள் இருந்துதான் பொறுக்கினேன். பிறகு முறைப்படி படித்து, தஞ்சம் கேட்டு வந்த எங்கள் சனத்துக்கு உரைபெயர்ப்பாளன் ஆனேன். சமாதான ஒப்பந்தம் எழுதப்பட்டதும், சண்டை முடிந்துவிட்டது என்று நம்பித் திரும்பி வந்த முட்டாள்களில் நானும் ஒருவன்.

படிப்பதற்கு டச்சு எனக்கு அவ்வளவு அந்நியமாக இருக்கவில்லை. அலுவலகத்தைக் கந்தோர் என்கிறோம், மேசை இழுப்பறையை லாச்சி என்கிறோம், கறிக்குப் போஞ்சி வாங்குகிறோம். கக்கூசுக்குப் போகிறவன்கூட ஒல்லாந்தன் விட்டுப்போன சொல்லோடுதான் போகிறான். இதைச் சொல்லி வகுப்பில் எல்லாரையும் சிரிக்க வைத்தேன்.

இன்லாண்டர் என்ற சொல்லை நான் பொறுக்கியதும் அந்தக் கொட்டிலில்தான். எங்கள் மேற்பார்வையாளர் வயதானவர், நல்ல மனிதர். அவருடைய தகப்பன் ஜாவாவில் சிப்பாயாக இருந்தவராம். "அப்பாவுக்குச் சமைக்க ஒரு இன்லாண்டர், உடுப்புத் தோய்க்க ஒரு இன்லாண்டர்" என்று தேநீர் நேரத்தில் சொல்லுவார். அவர் குரலில் கோபமோ கேலியோ இருக்காது. அகராதியைப் புரட்டினால் உள்நாட்டான், அந்த மண்ணைச் சேர்ந்தவன் என்று கிடந்தது. நல்ல சொல் என்று மனதில் போட்டு வைத்தேன்.

கடல் அடித்து ஊரை வாரிக்கொண்டு போனபிறகு, திருகோணமலையில் திரும்பிய பக்கமெல்லாம் தொண்டு நிறுவனங்கள். துறைமுகத்தைப் பார்த்த ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து ஒரு ஒல்லாந்து நிறுவனமும் கந்தோர் திறந்தது. நான் அதில் உரைபெயர்ப்பாளனாகச் சேர்ந்தேன். அதற்குப் பொறுப்பாக வந்தவர் வில்லெம். அறுபது வயதைத் தாண்டியவர், நெடுத்த மனிதர். ஆனால் நிறம் வெள்ளைக்கு நாலு படி கீழே. எங்கள் சாரதி, கிண்ணியா ஹனீபா நானா, முதல் நாளே என் காதுக்குள் கேட்டார்: "சேர், இவரு சுத்தமான வெள்ளக்காரன்தானா? வெயில்ல காஞ்ச மாதிரி இரிக்காரே?"

வில்லெமைப் போல ஒரு மேலதிகாரி பிறகு எனக்குக் கிடைக்கவில்லை. பேசுகிறவரின் முகத்தைத்தான் பார்ப்பார், என்னைப் பார்க்க மாட்டார். "அவரிடம் சொல்லுங்கள்" என்று ஒருநாளும் சொன்னதில்லை. நேரே பேசுவார், நான் பின்னால் ஓடவேண்டும். என் இடம் எப்போதும் அவருக்கு ஒரு முழம் பின்னால், பக்கவாட்டில். யார் பேசினாலும் நான் "நான்" என்றே சொல்லவேண்டும். ஒருவர் ஏசினால் ஏச்சாகவே போகவேண்டும். விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று இரண்டு பக்கத்துக்கும் கேட்கச் சொல்லி, திருப்பிக் கேட்கவேண்டும். கூட்டம் முடியும்வரை எந்தப் பக்கத்துத் தேத்தண்ணியும் குடிக்கக்கூடாது. இவை நான் ஏற்கெனவே படித்த விதிகள். அவர் சேர்த்தது ஒன்றே ஒன்று. திரும்பி வரும்போது வாகனத்தில் கேட்பார்: "இன்றைக்கு எந்த இடத்தில் வியர்த்தது?" எந்தச் சொல்லில் நான் தடுமாறினேன் என்று அர்த்தம். ஒளிக்க ஏலாது, பின்னுக்கிருந்து வருகிற என் மூச்சைக்கூடக் கேட்டுக்கொண்டிருப்பார்.

முதல் கூட்டம் சாம்பல்தீவில் நடந்தது. மீனவர் சங்கத் தலைவர் நெஞ்சில் கையை வைத்து, "ஐயா, நாங்கள் வந்தேறு குடியள் இல்லை, இந்த மண்ணின்ர சனம்" என்றார். நான் உசாராக டச்சில் சொன்னேன்: "நாங்கள் இன்லாண்டர்கள்."

வில்லெமின் கழுத்து இறுகியதைப் பின்னாலிருந்து கண்டேன். கூட்டம் நடந்து முடிந்தது. திரும்பி வரும்போது வியர்வை பற்றி அவர் கேட்கவில்லை. ஹனீபா நானா கண்ணாடியில் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

அடுத்த நாள் காலை வில்லெம் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, கதிரையைக் காட்டினார்.

"அந்தச் சொல்லை எங்கே படித்தீர்கள்?"

"உங்கள் நாட்டில்தான். உங்கள் அகராதியிலும் இருக்கிறது" என்றேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உங்கள் சாமானை உங்களிடமே திருப்பித் தந்தால் குற்றமா?

அவர் கோபிக்கவில்லை. தன் தாயைப் பற்றிச் சொன்னார். தாயின் தாய் ஜாவாக்காரி. யுத்தம் முடிந்து, அந்த நாடு விடுதலை அடைந்ததும், தகப்பன் குடும்பத்தோடு ஒல்லாந்துக்குக் கப்பலேறியிருக்கிறார். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் தகப்பனின் தமக்கை வீட்டில் கோப்பி. "என் அத்தை தன் சிநேகிதிகளிடம், 'தம்பியின் மனைவி ஒரு இன்லாண்டர்தான், ஆனால் மிகவும் சுத்தம்' என்பார். ஏசுவதற்காகச் சொன்னதில்லை. பாராட்டாகச் சொன்னார். அப்போது என் தாய் அவர்களுக்குக் கோப்பி ஊற்றிக்கொண்டு நிற்பார்."

பிறகு சொன்னார்: "அகராதி அர்த்தத்தைச் சொல்லும். யார் கதிரையில் இருந்துகொண்டு யாரைப் பார்த்துச் சொன்னது என்று சொல்லாது."

இன்போர்லிங் என்று இன்னொரு சொல் உண்டு, அதுவும் வேண்டாம் என்றார். அது பானை சட்டியோடு காட்சிச்சாலையில் வைப்பதற்கான சொல்லாம். இப்போது மரியாதையாகச் சொல்வது இன்ஹேம்ஸ. பூர்வீகக் குடி என்று வைத்துக்கொள்ளலாம். நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். மனம் ஆறவில்லை. சாம்பல்தீவுத் தலைவர் நெஞ்சில் கைவைத்துச் சொன்ன வசனத்துக்கு இந்த மூன்றில் எதுவும் பொருந்தாதே என்று மத்தியானம்வரை கந்தோர் முற்றத்தில் சுற்றிக்கொண்டு திரிந்தேன்.

இனி எனக்கு மிகக் கடினமாக அமைந்த வேலைக்கு வருகிறேன்.

கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, மூதூரில் இறங்கி, கடல்நீர்க் களப்போரமாகக் கனதூரம் போனால் ஒரு குடியிருப்பு. கொக்கட்டிவெட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயரை ஏன் எழுதவில்லை என்பது போகப்போக விளங்கும். அங்கே இருப்பவர்கள் வேடர் வழி. காட்டுக்குள் இருக்கிற வேடர் இல்லை, கரையோரத்து வேடர். பேசுவது எங்களைப் போலத் தமிழ், கும்பிடுவது முருகனையும் வேறு பல தெய்வங்களையும், தொழில் களப்பில் மீனும் இறாலும், காட்டில் தேனும். பார்வைக்கு வித்தியாசம் ஒன்றும் கிடையாது.

ஆனால் திருகோணமலைப் பட்டினத்தில் வளர்ந்தவர்களுக்கு வேடர் என்ற சொல் எப்படிப் பழக்கம் என்று எனக்குத் தெரியும். தலை வாரி இழுக்காமல் பள்ளிக்கூடம் புறப்பட்டால் என் அம்மா, "வேடப் பிள்ளை மாதிரிப் போறியே, ஆக்கள் என்ன சொல்லுவினம்?" என்பார். அதிலும் கோபம் இருக்காது.

கடல் அந்தக் குடியிருப்பைத் துடைத்துவிட்டது. சனம் கூடாரங்களில் இருந்தது. எங்கள் நிறுவனம் வீடு கட்டித் தர ஏற்றுக்கொண்டது. பிரச்சினை, வீடு எங்கே என்பதுதான். கரையில் கட்டக்கூடாது, உள்ளே தள்ளி ஒரு பொது வீட்டுத்திட்டத்தில் குடியேற்றலாம் என்று திட்டம் போட்டவர்கள் சொன்னார்கள். அந்த இடத்திலிருந்து களப்புக்கு நடந்து வந்தால் வலை நனைவதற்குள் வெயில் ஏறிவிடும். ஆனால் எங்கள் நிறுவனத்தின் சட்டத்தில் ஒரு வழி இருந்தது. பூர்வீகக் குடிகளை அவர்கள் சம்மதம் இல்லாமல் அவர்களின் இடத்திலிருந்து எழுப்பக்கூடாது. கொக்கட்டிவெட்டைச் சனம் இன்ஹேம்ஸ என்று தலைமையகம் ஏற்றுக்கொண்டால், கடல் அடிக்காத மேட்டுப் பக்கமாக, அதே களப்போரத்தில் வீடு. இல்லாவிட்டால் மூட்டை கட்டவேண்டும்.

அதைத் தீர்மானிக்க லீஸ்பெத் என்ற பெண் ஒல்லாந்திலிருந்து வந்தார். நிறையப் படித்தவர், கெட்ட மனம் இல்லாதவர், கையில் கேள்விகளோடு வந்தவர். மரத்தடியில் கூட்டம். வில்லெம் பேச்சில் தலையிடாமல் ஒரு கரையில் இருந்தார்.

"நீங்கள் பூர்வீகக் குடிகளா?" என்று லீஸ்பெத் கேட்டார், நான் சொன்னேன்.

ஊரின் கட்டாடியார், அதாவது சடங்கு நடத்துகிற பெரியவர், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "ஓம் பிள்ளை, பூர்வீகந்தான். மூதூர்ச் சனமும் பூர்வீகந்தான், அங்கால கிண்ணியாச் சனமும் பூர்வீகந்தான். ஆர் நேத்து வந்தது?"

லீஸ்பெத்தின் பேனை நின்றுவிட்டது. அப்படியானால் மற்றவர்களிலிருந்து நீங்கள் எப்படி வேறுபடுகிறீர்கள், உங்களை நீங்கள் என்ன பெயரால் அழைக்கிறீர்கள் என்று கேட்டார். எல்லாருக்கும் பதில் தெரியும்.

கண்மணி என்றொரு பெண் எழுந்தார். புருசன் கடலோடு போனவர். ஒரே மகள் மூதூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். கண்மணி லீஸ்பெத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஐயா, உங்களுக்குத் தெரியும்தானே அவ என்ன சொல்லைக் கேக்கிறா எண்டு. அந்தச் சொல்லுக்காக என்ர பிள்ளை பள்ளியில அடிபட்டு வாறவள். சட்டை கிழிஞ்சு வாறவள். அதை இப்ப நாங்களா எங்கட வாயால சொன்னாத்தான் வீடோ?"

நான் டச்சில் சொன்னேன், "என்ர பிள்ளை" என்றே சொன்னேன். அன்றைக்கு வியர்த்த இடம் அதுதான். என் மகளும் அந்த வயதில் இருந்தாள்.

கட்டாடியார் சமாளித்தார். "இதெல்லாம் இருந்து கதைச்சுக் காட்டுற விசயம் இல்லை. நாங்கள் ஆரெண்டு அறிய வேணுமெண்டா சடங்குக்கு வாங்கோ. எங்கட ஆக்கள் வருவினம். அவையளைக் கேளுங்கோ." எங்கட ஆக்கள் என்று அவர் சொன்னது செத்துப்போன முன்னோரையும் தெய்வங்களையும். லீஸ்பெத்துக்கு நல்ல சந்தோஷம். அவர் தேடி வந்தது அதுதான்.

சடங்கு காலையில் தொடங்கியது. குழை கட்டிய பந்தல்கள், கமுகம்பூ, வெற்றிலை, உடுக்கு. முதலில் வில்லும் தேன் குடுவையும் கொண்டு முன்னோர் ஆட்கள்மேல் ஏறி வந்து ஆடினார்கள். லீஸ்பெத் எழுதிக்கொண்டே இருந்தார். உச்சி வெயில் சாய்ந்ததும் நாலு இளைஞர்கள் நீண்ட கம்புகளை நட்டு, குறுக்கே கட்டி, கொடியால் வரிந்து, கயிறு தொங்கவிட்டார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாய்மரம் வைத்த ஒரு கப்பல் அந்த வெட்டையில் எழும்பி நின்றது.

"இது என்ன?" என்றார் லீஸ்பெத்.

"கப்பல். இனிக் கப்பல்காரத் தெய்வங்கள் வருவினம். ஒல்லாந்தர், பறங்கியர், எல்லாரும்" என்றார் கட்டாடியார்.

நான் சொன்னதும் லீஸ்பெத்தின் முகம் மாறியது. காட்டுத் தெய்வத்தைத் தேடி வந்தவருக்கு அங்கே தன் ஊர்க்காரனைக் கண்ட அதிர்ச்சி. இது வெளியிலிருந்து வந்தது, கலப்பு என்று வில்லெமிடம் முணுமுணுத்தார்.

அந்த நேரத்தில்தான் கண்மணிக்கு உரு வந்தது. ஒதுங்கி நின்ற பெண் சடாரென்று கயிற்றைப் பிடித்து மேலே ஏறிவிட்டார். கையை நெற்றியில் வைத்துக் கரையைத் தேடிப் பார்த்தார். இறங்கி வந்தபோது நடை ஆம்பிளை நடை. நேரே எங்களிடம் வந்து, தடித்த குரலில், எனக்குத் தெரிந்த எந்த மொழியிலும் இல்லாத மொழியில், ஒரு கேள்வி கேட்பதுபோல நீளமாகப் பேசினார்.

உடுக்கு நின்றது. கட்டாடியார் என் பக்கம் திரும்பினார். முகத்தில் அப்படியொரு ஆசை.

"தம்பி, உங்களுக்குத்தான் அவங்கட பாஷை தெரியுமே. எங்கட பாட்டன் காலந்தொட்டு இவர் வாறார், கதைக்கிறார், போறார். என்ன சொல்லுறார் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இண்டைக்கெண்டாலும் சொல்லுங்கோ."

முழு ஊரும் என்னைப் பார்த்தது. இந்தப் பக்கம் லீஸ்பெத், "என்ன சொல்கிறார்? டச்சு போல இல்லையே?" என்று அவசரப்படுத்தினார்.

இது டச்சு இல்லை என்று சொன்னால், தலைமுறை தலைமுறையாக வருகிற தெய்வத்தை அந்த இடத்திலேயே பொய்யாக்கியவன் ஆவேன், சடங்கே போலி என்று லீஸ்பெத் எழுதிவிட்டால் ஊரும் வீட்டை இழக்கும். இல்லாததை இருப்பதாகச் சொன்னால் என் தொழில் பொய். தொழிலும் எனக்குத் தெய்வம்தான். வில்லெமைப் பார்த்தேன். அவர் வழக்கம்போலப் பேசியவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படித்த விதி ஒன்றுதான் கைகொடுத்தது. இரண்டு மொழியிலும் உரக்கச் சொன்னேன்: "உரைபெயர்ப்பாளருக்கு விளங்கவில்லை. பேசியவரைத் திருப்பிச் சொல்லக் கேட்கப்போகிறார்." பிறகு அந்தக் கப்பல்காரரைக் கும்பிட்டு, "ஐயா, எனக்கு விளங்கேல்லை. திருப்பிச் சொல்லுங்கோ" என்றேன்.

கண்மணியின் முகத்திலிருந்த அந்த ஆள் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சுத்தமான தமிழில் சொன்னார்:

"உனக்கு விளங்காது. நீ பிந்தி வந்தனீ."

சனம் கொல்லென்று சிரித்தது. கட்டாடியார்தான் எல்லாரையும்விடக் கூடச் சிரித்தார். நான் அதை அப்படியே டச்சில் சொன்னேன். லீஸ்பெத் தன்னைத்தான் சொன்னதாக எடுத்துச் சிவந்துபோனார். இல்லை, அது எனக்குச் சொன்னது. பட்டினத்தான், படித்தவன், இந்த மண்ணின் ஆள் என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தவனுக்குச் சொன்னது. எனக்கு உள்ளூரச் சுட்டது. கூடவே சிரிப்பும் வந்தது.

உரு இறங்கிக் கண்மணி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, லீஸ்பெத் கட்டாடியாரிடம் கேட்டார்: பூர்வீகக் குடிகள் என்றால் உங்கள் சடங்கில் அந்நியருக்கு என்ன வேலை?

"நல்ல கேள்வி, பிள்ளை" என்றார் கட்டாடியார். "கப்பல் வரேக்க கரையில ஆர் நிண்டது? நாங்கள்தானே. கண்டவன்தானே கூப்பிட ஏலும்? பிறகு வந்தாக்களுக்குக் கப்பல் தெரியாது, துறைமுகந்தான் தெரியும்."

மூதூர் லாஞ்சிப் படகில் திரும்பி வரும்போது, கலப்பு என்றுதான் அறிக்கை எழுதவேண்டியிருக்கும் என்று லீஸ்பெத் மெதுவாகச் சொன்னார். வில்லெம் அவ்வளவு கோபப்பட்டு நான் கண்டதே அன்றைக்குத்தான். லாஞ்சியில் வந்த சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது.

"கதவைச் சாத்தவேண்டிய நாளில் என் தாய் இன்லாண்டர். கதவைத் திறக்கவேண்டிய நாளில் அதே தாய் கலப்பு, போதிய அளவு இன்லாண்டர் இல்லை. இரண்டையும் தீர்மானித்தவர்கள் கோப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள். நீங்களும் அதையே செய்யப்போகிறீர்களா?"

லீஸ்பெத் அழுதுவிட்டார். அது எனக்கான கதை இல்லை, எனவே மொழிபெயர்க்கவும் இல்லை. ஆனால் கூட வந்த ஹனீபா நானா விடவில்லை. "என்ன சேர், புருசன் பொஞ்சாதி சண்ட மாதிரி இரிக்கி?" என்று கேட்டார். நான், "வீட்டுக் கதை நானா" என்றேன்.

அடுத்த நாள் கந்தோரில் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். நிறுவனத்தின் விதியில், தாங்கள் யார் என்று அந்த மக்கள் தங்கள் வாயால் சொல்வதுதான் முதல் சாட்சி என்று இருந்தது. சடங்கையும் கப்பலையும் தள்ளி வைப்போம். அவர்கள் கூட்டத்தில் ஒருமுறை சொல்லட்டும், நான் எழுதுகிறேன் என்றார் லீஸ்பெத். சட்டப்படி அது சரி. ஆனால் பாரம் மறுபடியும் அந்தப் பெண்ணின் தலையில்தான் போய் இறங்கியது. இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. உரைபெயர்ப்பாளன் புத்தி சொல்லக்கூடாது. போய்க் கண்மணியிடம், சொல்லிவிடுங்கள் அம்மா என்று கெஞ்சவும் ஏலாது, சொல்லாதீர்கள் என்று தடுக்கவும் ஏலாது.

மறுபடியும் மரத்தடி. கட்டாடியார் எழும்பப் பார்த்தார். கண்மணி அவரைக் கையமர்த்தினார்.

"ஐயா, அவையளின்ர பாஷையில எங்களுக்கு என்ன சொல்லு?"

நான் இரண்டு பக்கத்துக்கும் கேட்கச் சொன்னேன்: "இன்ஹேம்ஸ."

"அது எங்களுக்கு வேணாம். அதுவும் ஆரோ வைச்ச சொல்லுத்தான்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பக்கத்தில் இருந்த மகளின் தோளில் கையை வைத்தார். "ஒருக்காத்தான் சொல்லுவன், எழுதச் சொல்லுங்கோ. நாங்கள் வேடர். இது எங்கட கரை. எழும்ப மாட்டம்."

நான் ஒரு முழம் பின்னாலிருந்து, என் விதிப்படி, "நாங்கள் வேடர்" என்று டச்சில் சொன்னேன். வேடர் என்ற சொல்லைத் தமிழிலேயே விட்டேன். அதற்கு டச்சில் என்ன என்று லீஸ்பெத் கேட்டார். டச்சில் இல்லை என்றேன். அவர் வேறு கேள்வி கேட்கவில்லை, கேட்டபடியே எழுதினார்.

வீடுகள் கரையில் எழும்பின. நானும் ஆறுதலாகச் சாப்பிட்டேன். இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை.

அந்தக் காலத்தில் எந்த நிறுவனம் எதைக் கட்டினாலும் பெயர்ப்பலகை நடுவது வழக்கம். மூன்று கக்கூசு கட்டினால் நாலு பலகை. தலைமையகத்திலிருந்து வசனம் வந்தது, அச்சடித்த தகடு கொழும்பிலிருந்து வந்தது. நான் பார்ப்பதற்கு முன்னரே, குடியிருப்புக்குத் திரும்புகிற பிரதான வீதி மூலையில், பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாரும் வாசிக்கும்படி, இரண்டு இரும்புக் குழாயில் அதை நட்டுவிட்டார்கள். மூன்று மொழியில், ஆளுயரத்துக்கு: பூர்வீகக் குடிகளான வேடர் சமூகத்துக்கான வீடமைப்புத் திட்டம்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அந்தப் பஸ்ஸில்தான் போகிறார்கள். கண்மணியின் மகள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டாள் என்று ஹனீபா நானாதான் வந்து சொன்னார். வில்லெம் அன்றைக்கே தலைமையகத்துக்கு எழுதினார். கொடுத்தவர்களின் பணம் எங்கே போனது என்று தெரியவேண்டும், பலகை விதிமுறை, கழற்ற அனுமதி இல்லை என்று பதில் வந்தது. அவர் திரும்ப எழுதினார். திரும்பவும் அதே பதில்தான்.

பிறகு ஒரு காலை, மூதூர் லாஞ்சியில் கண்மணியும் வேறு இரண்டு பெண்களும் வந்து இறங்கினார்கள். தலையில் பாயால் சுற்றிய பெரிய தட்டையான பொதி. இறங்குதுறையிலிருந்து வீதி நீளத்துக்கு அதைச் சுமந்துகொண்டே எங்கள் கந்தோருக்குள் வந்தார்கள். வில்லெமின் மேசையில் இருந்தவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு, பொதியை இறக்கி, பாயை விரித்தார்கள். பலகைத் தகடு. திருகாணி கழன்ற ஓட்டைகூட நெளியாமல், பக்குவமாகக் கழற்றியிருந்தார்கள்.

"இது உங்கட. வீடு எங்கட" என்றார் கண்மணி.

நான் டச்சில் சொன்னேன். வில்லெம் எழுந்து நின்றார். பிறகு கேட்டார்: "மன்னித்துக்கொள்ளுங்கள். அந்தக் குழாய்களில் வேறு பலகை போடுகிறேன். என்ன எழுதவேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்."

கண்மணி யோசிக்கவே இல்லை.

"ஒண்டும் எழுதாதேங்கோ. அறிய வேணுமெண்டா வந்து கேக்கட்டும். கேக்கிற முகத்தைப் பாத்து நாங்கள் சொல்லுவம்."

கைதட்ட வேண்டும்போல இருந்தது எனக்கு. அதற்கும் விதி இடம் கொடுக்காது. வில்லெம் அந்தத் தகட்டைத் தலைமையகத்துக்குக் கப்பலில் திருப்பி அனுப்பினார். வேலை போகும் என்று தெரிந்துதான் அனுப்பினார், போகவும் செய்தது.

அதற்குப் பிறகு சண்டை மறுபடியும் வந்தது. அந்தச் சனம் இடம்பெயர்ந்து, முகாமில் கிடந்து, கூரை போன வீடுகளுக்கே திரும்பிப் போனது. நான் வேறு கந்தோர்களில் வேலை செய்து ஓய்வு பெற்றேன். அந்த ஊரின் உண்மைப் பெயரை நான் ஏன் எழுதவில்லை என்று இப்போது விளங்கும். எழுதினால் நானும் ஒரு பலகை நட்டவன் ஆவேன்.

இளம் உரைபெயர்ப்பாளர்கள் வந்து போனபிறகு எனக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. லாஞ்சியேறி, மூதூரில் பஸ் பிடித்து, அந்தப் பக்கம் போனேன். திருப்பத்தில் இரண்டு குழாய்களும் துருப்பிடித்து நிற்கின்றன. நடுவில் ஒன்றும் இல்லை. எனக்கு முன்சீட்டில் இருந்த வெளியூர் மனிதர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதென்ன தம்பி, போர்ட் இல்லாம வெறுங் குழாய் நிக்குது? இது என்ன ஊர், இஞ்ச ஆர் இருக்கிறது?" என்று கண்டக்டரைக் கேட்டார்.

கண்டக்டர் டிக்கட் கிழித்தபடியே சொன்னார்: "இறங்கிப் போய்க் கேளுங்கோ அண்ணை. அவையள் சொல்லுவினம்."